‘குறை’ கெட்ட சொல்லா?

அரசு கிளினிக் சுவரில் ஒரு தட்டுப் படம் ஒட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பாதி காய்கனி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ இறைச்சியோ. இப்படிப்பட்ட படத்தை யார் வரைந்தது, வரையும்போது பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்று நாம் கேட்பதில்லை. அமெரிக்காவில் சிலர் கேட்டார்கள். அதனால் அங்கே நடந்தது நமக்குத் தெரிகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சைவமல்ல. ஆட்டிறைச்சிப் பிரட்டல் என்றால் இன்னொரு கரண்டி சோறு கேட்கிற ஆள். என் வழக்கு இறைச்சியோடு அல்ல.

1977 ஜனவரியில், செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையிலான குழு அமெரிக்கர்களுக்கான உணவு இலக்குகளை வெளியிட்டது. இதய நோய் பெரும் கவலையாக இருந்த காலம். அறிக்கை சுற்றி வளைக்கவில்லை. இறைச்சியைக் குறையுங்கள், கோழியையும் மீனையும் கூட்டுங்கள் என்றது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். மெக்கவர்னின் சொந்த மாநிலமான தெற்கு டகோட்டாவே மாடு வளர்க்கும் மாநிலம்! குழுவின் முன் வந்த பண்ணையாளர் சங்கத் தலைவர், ‘குறை’ என்பதே கெட்ட சொல் என்றார். அதே டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் வாசகம் மாறியிருந்தது. விலங்குக் கொழுப்பைக் குறையுங்கள். நிறைவுற்ற கொழுப்பு குறையும் வகையில் இறைச்சி, கோழி, மீனைத் தேர்ந்தெடுங்கள்.

தவறான அறிவுரை என்று சொல்ல மாட்டேன். ஆனால், சந்தைக்குப் போய் ‘நிறைவுற்ற கொழுப்பு அரைக் கிலோ’ என்று கேட்பவர் யார்? ‘கறியைக் குறை’ என்றால் என் பாட்டிக்கும் புரியும். புரிந்துவிடும் என்பதுதான் பண்ணைக்காரர்களுக்குச் சிக்கல்.

சத்துணவு அறிஞர் மேரியன் நெஸ்லே (மைலோ நிறுவனத்துக்கும் இவருக்கும் உறவில்லை) 1986-இல் அரசின் சத்துணவு அறிக்கையைத் தொகுக்க வாஷிங்டன் போனார். ஆய்வு என்ன சொன்னாலும் ‘இறைச்சியைக் குறையுங்கள்’ என்று அறிக்கையில் வரக்கூடாது என்று முதல் நாளே தம்மிடம் சொல்லப்பட்டதாகப் பின்னர் எழுதினார். 1991-இல் விவசாயத் துறை தயாரித்த உணவுப் பிரமிடு படமும் இறைச்சி, பால் துறையினர் முணுமுணுத்ததும் திரும்பப் பெறப்பட்டு, ஓராண்டு கழித்துத்தான் வந்தது.

எனக்குப் பெரிய வியப்பு இன்னொன்று. 1985-இல் வந்த சட்டப்படி, அங்கே விற்கப்படும் ஒவ்வொரு மாட்டுக்கும் 1 டாலர் வசூலிக்கிறார்கள். ‘இரவுச் சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சி’ என்ற புகழ்பெற்ற விளம்பரம் அந்தப் பணத்தில் வளர்ந்தது. மேற்பார்வை விவசாயத் துறை. மக்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று சுகாதாரத் துறையோடு சேர்ந்து அறிவுரை வெளியிடுவதும் அதே துறைதான். பணம் கட்ட விரும்பாத சில பண்ணையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2005-இல் உச்ச நீதிமன்றம், அந்த விளம்பரம் அரசாங்கத்தின் சொந்தப் பேச்சு, ஆகவே கட்டித்தான் ஆக வேண்டும் என்றது. ஒரே வாய் இரண்டும் பேசுகிறது.

கனடா வேறு வழி பார்த்தது. 2019-இல் வெளியான உணவு வழிகாட்டியைத் தயாரித்த அதிகாரிகள், அந்த வேலை நடக்கும்போது உணவுத் தொழில் பிரதிநிதிகளைச் சந்திப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். பாலுக்கென்று இருந்த தனிப் பிரிவு போயிற்று. புரதத்துக்குத் தாவர உணவை அடிக்கடி தேர்ந்தெடுங்கள் என்றது வழிகாட்டி. ஆம், அங்கேயும் ‘தேர்ந்தெடுங்கள்’தான்.