வராதவர் கணக்கு

'வீல்சேரில் எத்தனை பேர் சுற்றுலா வருகிறார்கள்? அவர்களுக்காக இவ்வளவு செலவா?' என்கிறார்கள். தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பழனி பஸ்ஸின் முதல் படியைப் பாருங்கள். முழங்கால் உயரம். ஏற வழியில்லாதவர் ஏறவில்லை; அதை 'தேவையில்லை' என்று எழுதிக்கொள்வது என்ன கணக்கோ!

அதே பழனியில் மலைக்கோயிலுக்கு ஏற 1966-இல் விஞ்ச் வந்தது, 2004-இல் ரோப் கார் வந்தது. மூட்டுவலிக்காரர், கைக்குழந்தையோடு வரும் தாய், ஏன், நடக்கச் சோம்பல்படும் இளவட்டம்கூட வரிசையில் நிற்கிறது. வசதி வந்தபின்தான் கூட்டம் வந்தது.

செலவு செய்பவர்களும் அரைகுறையாகச் செய்கிறார்கள். ஓர் அடி உயரத்துக்குச் சாய்தளம் 12 அடி நீள வேண்டும். பல லாட்ஜ்களில் நான்கடிக்குள் முடித்து, மேலே வழுக்கும் டைல்ஸ் வேறு. அறைக்குள் போனாலும் கழிவறைக் கதவு இரண்டடிதான்; சக்கரம் நுழையாது.

மெரினாவில் 2022 நவம்பரில் கடலோரம் வரை வீல்சேர் போக மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்தியது. 'பார்த்தீர்களா, வீண்செலவு' என்று சிரித்தவர்கள் உண்டு. புயலில் ரோடும்தான் பெயர்கிறது; ரோடே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பழைய பொதுக் கட்டடங்களை மாற்ற விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டு அவகாசம். அது 2022-லேயே முடிந்துவிட்டது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. 'ஆள் வரட்டும், பார்க்கலாம்' என்பவர்கள் கெடு தாண்டித்தான் பேசுகிறார்கள்.