குதி உயர்ந்த காலணியில் ஓடச் சொல்வது யார்?

ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டியன் ராபர்ட்டோ லோபஸ் ரோட்ரிகஸ் என்ற ஓட்ட வீரர், குதி உயர்ந்த காலணி அணிந்து 100 மீட்டர் தூரத்தை 12.82 வினாடிகளில் ஓடிக் கடந்து கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கிறார். உசைன் போல்ட்டின் உலக சாதனை 9.58 வினாடி. ஊசிபோன்ற குதியின்மேல் நின்றுகொண்டு ஒருவர் போல்ட்டைவிட மூன்றேகால் வினாடி மட்டுமே பின்தங்குவது வியப்புக்குரிய திறமைதான். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாம், மாஸ்கோ போன்ற நகரங்களில் ஓர் அழகு இதழ் இத்தகைய ஓட்டப் பந்தயங்களைப் பெண்களுக்கென்றே நடத்தியது. காலணி வணிகமும் இதழ் வணிகமும் கைகோத்த அந்தப் பந்தயங்களில், விழுந்து எழுந்து ஓடிய பெண்களின் படங்களே செய்தித்தாள்களில் பெரிதாக வந்தன.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமன்று. வாஷிங்டன் நகரில் 1986 முதல் ஆண்டுதோறும் நடக்கும் குதி உயர்ந்த காலணி ஓட்டம், ஒடுக்கப்பட்ட பால்புதுமையினர் தெருவில் இறங்கித் தம் இருப்பைக் கொண்டாடும் விழா. அதில் ஓடுபவரை எந்த மேலாளரும் ஓடச் சொல்லவில்லை. ஓடாவிட்டால் எவர் சம்பளமும் பிடிக்கப்படுவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவற்றைப் பேசுவது எளிது.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டன் மாநகரில் நிக்கோலா தார்ப் என்ற இளம்பெண், பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றின் வரவேற்பறையில் தற்காலிகப் பணிக்குச் சென்றார். அவரை அனுப்பியது ஓர் ஒப்பந்த முகமை. தட்டைக் காலணியுடன் வந்த அவரிடம், இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை குதி உயர்ந்த காலணி வாங்கி அணிந்து வரும்படி கூறப்பட்டது. ஒன்பது மணி நேரம் விருந்தினரைக் கூட்ட அறைகளுக்கு அழைத்துச் செல்லும் வேலை அது. ஆண் ஊழியரையும் இப்படிக் கேட்பீர்களா என்று அவர் வினவியபோது சிரித்தார்கள். ஊதியமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்து 2017 ஜனவரியில் அறிக்கை அளித்தன. கால் விரல்களில் இரத்தம் கசிய வேலை செய்த பெண்களின் வாக்குமூலங்கள் அக்குழுக்களின் முன் வந்தன. பழமைவாதக் கட்சியின் அரசு என்ன செய்தது? 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமே போதுமானது என்று கூறிப் புதிய சட்டம் இயற்ற மறுத்துவிட்டது. சட்டம் போதுமானதாக இருந்திருந்தால் அந்தப் பெண் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்க மாட்டார் என்ற எளிய வாதம் அமைச்சர்களின் காதில் ஏறவில்லை.

ஜப்பானில் 2019இல் இதே கோரிக்கை 'குடூ' என்ற பெயரில் எழுந்தது. காலணி, வலி ஆகியவற்றைக் குறிக்கும் ஜப்பானியச் சொற்களையும், பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 'மீ டூ' இயக்கத்தின் பெயரையும் இணைத்துப் புனைந்த சொல் அது. யூமி இஷிகாவா என்பவர் தொடங்கிய அந்த மனு தொழிலாளர் நலத்துறையிடம் அளிக்கப்பட்டபோது, வேலைக்குத் தேவையான அளவில் குதி உயர்ந்த காலணியை வற்புறுத்துவது சமூகத்தில் ஏற்கப்பட்ட வழக்கமே என்னும் பொருளில் பதிலளித்தார் துறையின் அமைச்சர். ஆயினும் இயக்கம் வீண்போகவில்லை. மறு ஆண்டே ஜப்பான் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் பெண் ஊழியர்களுக்கான அந்த விதியைக் கைவிட்டது.

உண்மையில் முன்னே சென்ற நாடு, வளர்ந்த முதலாளித்துவ நாடுகளில் ஒன்றன்று. பிலிப்பைன்ஸ் நாட்டின் வணிக வளாகங்களில் நாள் முழுவதும் நின்று விற்பனை செய்யும் பெண்களின் கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் கையில் எடுத்தன. 2017இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை 178ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. குதி உயர்ந்த காலணியைக் கட்டாயப்படுத்தக் கூடாது, காலணியின் குதி ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நின்றே வேலை செய்பவருக்கு இருக்கையும் ஓய்வும் தரவேண்டும் என்று அது வகுத்தது. லண்டனில் ஒன்றரை லட்சம் கையெழுத்துகளால் ஆகாததை மணிலாவில் அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்கள் சாதித்தார்கள். இந்தியத் தொழிற்சங்க இயக்கம் இதைக் கவனிக்க வேண்டும்.

காலணியைப் பற்றி இத்தனை பேச்சா என்று கேட்பவர் உண்டு. பாதத்தின் இயக்கத்தை அறிந்தால் அக்கேள்வி எழாது. தட்டையாக நிற்கையில் உடலின் எடையில் பெரும் பகுதியைக் குதிகால் தாங்குகிறது. குதியை உயர்த்தும்போது அச்சுமை முன்பாதத்துக்கும் விரல்களின் அடிக்கும் தள்ளப்படுகிறது. கெண்டைத் தசை சுருங்கிய நிலையிலேயே இருந்து பழகுகிறது. பல ஆண்டுகள் இவ்வாறு பழகியவர் காலணியைக் கழற்றித் தரையில் நிற்கும்போது பின்கால் இழுத்துப் பிடிக்கிறது. 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, குதி உயர்ந்த காலணியுடன் நடக்கையில் முழங்கால் மூட்டின் சில பகுதிகளில் விசை ஏறத்தாழ 23 சதவிகிதம் கூடுவதைக் காட்டியது. இது நடைக்கான கணக்கு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை ஒரு காலில் இறங்குகிறது. கணுக்காலோ ஊசிமுனையில் தள்ளாடுகிறது. ஒரே அடி பிசகினால் தசைநார் கிழியும்.

வேலைக்குச் செல்லும் பெண் ஓடாமல் இருப்பதில்லை. புறநகர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறாள். வருகைப் பதிவுக் கருவியில் விரல் வைக்க ஓடுகிறாள். மாலையில் குழந்தைகள் காப்பகம் மூடுவதற்குள் ஓடுகிறாள். சில நேரம் உயிருக்காகவும் ஓட வேண்டியிருக்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களிலிருந்து தப்பிய பெண்களுள் பலர் காலணிகளைக் கழற்றிக்கொண்டே படிகளில் இறங்கினர். தப்பி வந்த ஒரு பெண்ணின் இரத்தக் கறை படிந்த குதி உயர்ந்த காலணிகள் அங்குள்ள நினைவு அருங்காட்சியகத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளன. 'ஜுராசிக் வேர்ல்ட்' என்ற ஹாலிவுட் படத்தில் கதாநாயகி குதி உயர்ந்த காலணியைக் கழற்றாமலே கொடிய விலங்கிடமிருந்து ஓடித் தப்புவதைக் கண்டு உலகமே சிரித்தது. அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஒரு ஜோடி, சிரிப்பை நிறுத்திவிடும்.

விமானத்தில் இந்த முரண் உச்சத்தை அடைகிறது. இருக்கையின் முன்னுள்ள பாதுகாப்பு அட்டையில், குதி உயர்ந்த காலணியின் படம் வரைந்து அதன்மேல் குறுக்குக்கோடு இட்டிருப்பார்கள். அவசர காலச் சறுக்குப் பாதையைக் கூர்மையான குதி கிழித்துவிடும் என்பதால், பயணி அதைக் கழற்றிவிட்டே குதிக்க வேண்டும். பாதிக் கதவுகள் மட்டுமே திறந்த நிலையிலும் 90 வினாடிகளில் அனைவரும் வெளியேற முடிய வேண்டும் என்பது விமான வடிவமைப்புக்கான சர்வதேச அளவுகோல். அந்த 90 வினாடிகளை நடத்திக் காட்ட வேண்டியவள் பணிப்பெண். அவளுக்கான சீருடை விதியிலோ அதே குதி உயர்ந்த காலணி! பல நிறுவனங்கள் விமானத்துக்குள் ஏறிய பிறகு தட்டைக் காலணிக்கு மாறிக்கொள்ள அனுமதிக்கின்றன. அப்படியானால் உயர்ந்த குதி தேவைப்படுவது எங்கே? விமான நிலையத்தின் பளிங்குத் தரையில், பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசையாக நடந்து வரும்போது. பார்க்கப்படுவதற்காக. வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை நிறுவனங்களின் விதியே ஒப்புக்கொள்கிறது.

நார்வே நாட்டு விமான நிறுவனம் ஒன்று, தட்டைக் காலணி அணிய விரும்பும் பெண் ஊழியர் மருத்துவச் சான்று கொண்டுவர வேண்டும் என்று விதித்திருந்தது 2019இல் அம்பலமானது. உலகின் சமத்துவ நாடுகளுள் ஒன்றெனப் போற்றப்படும் நாட்டில்தான் இந்தக் கூத்து.

காலணியின் வரலாறும் வர்க்கத்தின் வரலாறுதான். உயர்ந்த குதி முதலில் ஆண்களுக்குரியது. பாரசீகக் குதிரைப் படையினர் அங்கவடியில் கால் நழுவாமல் நின்று அம்பெய்ய அது உதவியது. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்கள் அதை எடுத்துக்கொண்டனர். வயலில் இறங்கத் தேவையில்லாத, நெடுந்தூரம் நடக்கத் தேவையில்லாத கால்களின் அடையாளம் அது. பதினான்காம் லூயியின் அரசவையில் சிவப்புக் குதி அரண்மனைச் சலுகை பெற்றோருக்கே உரியதாயிற்று. பிரெஞ்சுப் புரட்சி அந்தக் குதிகளைத் தட்டையாக்கியது. உழைக்காத வர்க்கத்தின் அடையாளமாக இருந்த ஒன்று, எஃகுத் தண்டு செருகிய மெல்லிய குதியாக 1950களில் பெண்களின் சந்தைக்கு வந்து, பின்னர் உழைக்கும் பெண்ணின் சீருடையில் ஏற்றப்பட்டது வரலாற்றின் குரூரமான நகைச்சுவை. பிரபு அதை அணிந்து அமர்ந்திருந்தான். வரவேற்பறைப் பெண் அதை அணிந்து ஒன்பது மணி நேரம் நிற்கிறாள்.

இந்தியாவில் இந்தப் பிரச்சினையைப் பேசும்போது ஓர் ஆபத்து உண்டு. பெண் என்ன உடுத்த வேண்டும் என்று ஆணையிடத் துடிக்கும் கலாச்சாரக் காவலர்கள் உடனே துணைக்கு ஓடி வருவார்கள்: குதி உயர்ந்த காலணி மேலைநாட்டுச் சீரழிவு, நம் பெண்களுக்கு ஆகாது என்பார்கள். அவர்களின் கை தேவையில்லை. காதலர் தினத்தில் பூங்காக்களில் கம்புடன் திரிபவனும், சீருடை விதியில் அங்குலக் கணக்கு எழுதுபவனும் ஒரே கேள்விக்குத்தான் விடை எழுதுகிறார்கள்: பெண்ணின் உடல்மேல் யாருக்கு அதிகாரம்? ஒரு பெண் தன் விருப்பத்தால் நான்கு அங்குலக் குதியோடு ஒரு திருமணத்துக்குச் செல்வது அவளுடைய உரிமை. அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. கூலியை நிபந்தனையாக வைத்து அதை அணியச் செய்ய முதலாளிக்கும் உரிமையில்லை.

'விருப்பம்' என்ற சொல்லை நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. கட்டாயமில்லை, தோற்றப் பொலிவு எதிர்பார்க்கப்படுகிறது, அவ்வளவே என்பார்கள். ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய வேலையில், மேலாளர் தரும் மதிப்பெண்ணில் தோற்றத்துக்கும் ஓர் இடம் இருக்கையில், எதிர்பார்ப்புக்கும் கட்டளைக்கும் உள்ள தொலைவு எத்தனை அங்குலம்? இந்திய விமானப் பணிப்பெண்கள் இதை நன்கறிவார்கள். முதல் கர்ப்பத்துடன் வேலையை இழக்க வேண்டும் என்று ஏர் இந்தியா எழுதி வைத்திருந்த விதியை, நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்யக் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது என்பதையும் மறக்க வேண்டாம். அன்று அது பொதுத்துறை. பெண்கள் வழக்குத் தொடுக்கவேனும் முடிந்தது. இன்று முகமை வழியே வரும் வரவேற்பாளருக்கு யார்மீது வழக்குத் தொடுப்பது என்பதே தெரியாது.

நிற்பவருக்கு இருக்கை வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆம் பிரிவாகவே இருந்தது. கடைகளுக்கு அது வந்துசேர எழுபது ஆண்டுகள் பிடித்தன. கோழிக்கோட்டின் துணிக்கடைகளில் வேலை செய்த பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரண்டு நடத்திய இருக்கைப் போராட்டத்தின் விளைவாக, 2018இல் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் அவ்வழி வந்தது. நாள் முழுவதும் கால்நுனியில் நிற்கும் நிலையைத் தவிர்ப்பதற்காக என்று தமிழ்நாட்டுத் திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. உட்கார உரிமை பெற்ற பெண், எழுந்து நிற்கும்போது கால்நுனியில் நிற்கும்படி காலணியால் கட்டாயப்படுத்தப்பட்டால் அந்தச் சட்டத்தின் நோக்கம் பாதியிலேயே நின்றுவிடும். மாநிலச் சட்டங்களில் ஒரு வரி சேர்த்தால் போதும்: பாதுகாப்புக்குத் தேவையான காலணியைத் தவிர வேறு எந்தக் காலணியையும் பணி நிபந்தனையாக்கக் கூடாது, சீருடையின் பகுதியாகக் காலணி வேண்டுமெனில் அதை நிறுவனமே தன் செலவில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குதி உயரத்தில் தரவேண்டும். விமான நிறுவனங்கள், நட்சத்திர விடுதிகள், நகைக்கடைகள், வணிகக் கண்காட்சிகள் ஆகியவற்றில் இயங்கும் சங்கங்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சிலேயே இதைக் கோரிக்கையாக வைக்கலாம். சங்கமே இல்லாத இடங்களில், சங்கம் தொடங்குவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

மகாராஷ்டிரத்தின் பாராமதியில் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் அறுபது வயதைக் கடந்த லதா பகவான் கரே என்ற ஏழைப் பெண், ஒன்பது கெஜச் சேலையுடன் வெறுங்காலில் ஓடிப் பந்தயத்தில் வென்றார். கணவரின் மருத்துவச் செலவுக்குப் பரிசுப் பணம் தேவைப்பட்டது. அவரைப் பற்றித் திரைப்படம் எடுக்கப்பட்டது. அது தேசிய விருதுக் குழுவின் பாராட்டையும் பெற்றது. அவர் ஓட நேர்ந்ததன் காரணமான மருத்துவச் செலவு, விருது விழா உரைகளில் இடம்பெறும் பொருளன்று.

காலணியை அணியும் பெண்ணோடு, அதைத் தைக்கும் பெண்ணும் இதில் சேர்கிறாள். ஐரோப்பியக் கடைகளின் கண்ணாடிப் பேழையில் மின்னும் தோல் காலணிகளின் மேற்பகுதிகளில் பல, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் வீட்டுத் திண்ணைகளில் பெண்களால் கையால் தைக்கப்படுபவை. ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. வருங்கால வைப்பு நிதி இல்லை, காப்பீடு இல்லை, வேலையளிப்பவர் யார் என்ற எழுத்துச் சான்றும் இல்லை. தரையில் குந்தியபடி ஊசி குத்திக் குத்தி அவர்களின் விரல்களும் முதுகும் தேய்கின்றன. வீட்டிலிருந்து உழைப்போருக்கான 177ஆம் எண் உடன்படிக்கையை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றியது. இந்திய அரசு அதில் இன்னும் கையெழுத்திடவில்லை.