சீமாட்டியின் சொத்து யாருக்கு?

ஆங்கிலச் சீமான்களின் மாளிகைகளைக் களமாகக் கொண்ட 'ரீஜென்சி' காதற் புதினங்கள் நம் இல்லங்களுள் புகுந்து நெடுநாளாகிறது. முன்பு நூல்நிலையத்தில் இரவல் வாங்கிப் படித்தார்கள். 2020-இல் 'பிரிட்ஜர்டன்' தொடர் வந்த பின்னர்க் கைப்பேசியிலேயே காண்கிறார்கள். படிக்கும் பெண்மக்களைக் கடிந்துகொள்வது நம் நோக்கமன்று. காதலைச் சொல்வதனாலேயே ஒரு நூல் கெட்டுவிடுவதில்லை. ஆனால், அக்காலத்தை உள்ளது உள்ளவாறே இவை காட்டுகின்றன என்று சிலர் நற்சான்று வழங்குகிறார்களே, அதனை நாம் ஏற்பதற்கில்லை.

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநோயுற்றமையால், 1811 முதல் 1820 வரை அவருடைய மகன் அரசப் பிரதிநிதியாக இருந்தார். அந்த ஆண்டுகளே ரீஜென்சிக் காலம். ஜார்ஜெட் ஹேயர் அம்மையார் 1935-இல் 'ரீஜென்சி பக்' எழுதி இவ்வகைப் புதினத்திற்கு வழி வகுத்தார். அம்மையார் பெரிய உழைப்பாளி. குதிரை வண்டி, பொடிடப்பி, கழுத்துத் துணியின் முடிச்சு வரை ஆராய்ந்து எழுதியவர். பின்வந்தோரில் பலர் அந்த முடிச்சை மட்டுமே கற்றுக்கொண்டனர்.

அவர்கள் விட்டுவிட்டது எதனை? சட்டத்தை. அன்றைய ஆங்கிலப் பொதுச்சட்டத்தின்படி, மணமான பெண்ணுக்குத் தனி ஆளாக இருப்பே இல்லை. அவளுடைய ரொக்கமும் நகையும் தட்டுமுட்டுப் பொருள்களும் அன்றே கணவனுக்கு உரியவையாகிவிடும். நிலம் அவள் பேரில் இருந்தாலும் குத்தகைப் பணம் அவன் கைக்கே போகும். அவள் உழைத்து ஈட்டினாலும் அது அவனுடையதே. இந்நிலை மாறத் தொடங்கியது 1870-இல்; முழுமையாக மாற 1882-இன் சட்டம் வேண்டியிருந்தது. 1857 வரை முழு மணவிலக்குக்கு நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே இயற்ற வேண்டும். அவ்வாறு விலக்குப் பெற்ற பெண்கள் மொத்தம் நால்வர். முதலாமவர் பெற்றது 1801-இல்.

செல்வந்தர் வீட்டுப் பெண்களுக்கு இதிலிருந்து தப்ப வழியிருந்ததே என்பர். உண்மைதான். தந்தையர் திருமணத்திற்கு முன்பே ஒப்பந்தப் பத்திரம் எழுதி, மகளின் பணத்தை நம்பகமானவர்கள் பொறுப்பில் வைத்தனர். மருமகனிடமிருந்து மகளைக் காக்க வழக்கறிஞரைத் தேடி ஓட வேண்டியிருந்தது என்பதே அச்சட்டத்தின் யோக்கியதையைச் சொல்லவில்லையா?

இங்கேதான் நம் புதின ஆசிரியர்களின் கைவண்ணத்தைக் காண வேண்டும். இவ்வகைக் கதைகள் பெரிதும் விரும்பும் கட்டம், காதலர் இருவரும் நள்ளிரவில் வண்டியேறி ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீனுக்கு ஓடிப்போவது. 1753-இன் சட்டப்படி இருபத்தொரு வயது நிரம்பாதோர் இங்கிலாந்தில் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் இசைவு வேண்டும். எல்லை தாண்டினால் வேண்டியதில்லை. அந்த வண்டியில் ஏறும் பெண் பத்திரம் ஏதுமின்றி ஏறுகிறாள். இறங்கி மணம் முடித்த கணத்தில் அவள் கைப்பணம் முழுவதும் அவனுடையது. செல்வந்தர் மகளைத் தேடிச் சென்ற கடன்காரச் சீமான்கள் அவ்வழியை விரும்பியது நிலா வெளிச்சத்தில் மயங்கியா? கதையாசிரியரோ குதிரைகளின் குளம்பொலியைத்தான் வருணிக்கிறார்.

மஹர் மனைவிக்கே உரியது என்று கேட்டு வளர்ந்த பெண்கள் இதனை உடனே விளங்கிக்கொள்வார்கள். (அந்த மஹரைப் பேருக்கு எழுதிவிட்டுக் கைக்கூலியை எண்ணி வாங்குவோரும் நம்மிடையே உண்டு. அவர்களைப் பற்றித் தனியே எழுதத்தான் வேண்டும்.)

கதைதானே, இதில் கணக்கு எதற்கு என்பார்க்கு ஜேன் ஆஸ்டினைக் காட்டுவோம். அக்காலத்திலேயே வாழ்ந்து எழுதியவர் அவர். 1813-இல் வந்த அவருடைய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாயகனின் ஆண்டு வருமானம் பத்தாயிரம் பவுன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. தந்தையின் நிலம் பெண்மக்களுக்குச் சேராது என்பதையும் மறைக்கவில்லை. அதனால் காதற்சுவை குன்றிற்றா? ஹேயர் அம்மையாருங்கூட, 1961-இன் 'எ சிவில் கான்ட்ராக்ட்' நூலில், கடனில் மூழ்கிய பிரபு ஒருவன் வணிகர் மகளைப் பணத்திற்காக மணப்பதை நேர்மையாக எழுதினார். நம் கருத்தில் அவருடைய சிறந்த நூல் அதுவே.

சூழ்ச்சிக் கதை வேண்டுமாயின் ஒற்றர்களைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அந்தக் காலத்திற்குப் பெயர் தந்த இளவரசரே போதும். அவர் 1785-இல் மரியா ஃபிட்ஸ்ஹெர்பெர்ட் என்னும் விதவையை மறைவாக மணந்தார். மன்னரின் இசைவு இல்லாமையால் சட்டத்தின் முன் அது செல்லவில்லை. கடனை அடைக்கும் பொருட்டு 1795-இல் பிரன்ஸ்விக் இளவரசி கரோலைனை மணந்தார். அவர்களுடைய ஒரே மகள் சார்லட் 1817-இல், இருபத்தோராம் வயதில், பிள்ளைப்பேற்றை அடுத்து மாண்டாள். 1820-இல் அரியணை ஏறியவர், மனைவியின் பட்டத்தைப் பறித்து மணத்தையும் முறிக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவரச் செய்தார். அது நிறைவேறாமலே கைவிடப்பட்டது. 1821 ஜூலை 19-ஆம் நாள் முடிசூட்டு விழா. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திற்கு வந்த அரசியைக் கதவை அடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று வாரத்திற்குள் அவர் இறந்துபோனார்.