‘கூறப்படுகிறது’: செய்தித் தமிழில் சரிபார்ப்பு மறையும் இடம்

முன்னுரை

தமிழ்த்துறைகளில் இதழியல் ஆய்வு பெரும்பாலும் இரு திசைகளில் நிகழ்ந்துவருகிறது. ஒன்று இதழ்களின் வரலாறு. மற்றொன்று இதழ்களின் மொழிநடை. முதலாவது, 1882இல் தொடங்கப்பெற்ற சுதேசமித்திரன் போன்ற இதழ்கள் தோன்றி வளர்ந்த வகையைத் தொகுத்துரைக்கிறது. இரண்டாவது, பிறமொழிச் சொற்கள், சந்திப் பிழைகள், தலைப்பிடும் முறை, தொடரமைப்பு ஆகியவற்றை வகைப்படுத்துகிறது. இரண்டும் வேண்டியனவே. ஆயினும் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வினா கேட்கப்படாமல் நிற்கிறது. அச்சேறிய செய்தி சரிபார்க்கப்பட்டதா என்பதற்கு அச்செய்தியின் மொழியிலேயே சான்று உண்டா என்பதே அவ்வினா. உண்டு என்பதும், அச்சான்றைக் கண்டறியும் பயிற்சி தமிழ் ஆய்வாளரிடமே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

சடங்காகும் சரிபார்ப்பு

இதழியலின் சாரம் சரிபார்ப்பு என்னும் ஒழுங்கே என்று அமெரிக்க இதழாளர்களான பில் கோவாச்சும் டாம் ரோசன்ஸ்டீலும் 2001இல் வெளிவந்த தம் நூலில் வலியுறுத்தினர். இக்கொள்கை நடைமுறையில் எவ்வாறு உள்ளது என்பதைக் கனடா நாட்டு இதழியல் பேராசிரியர் ஐவர் ஷாபிரோவும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். ஆங்கில, பிரெஞ்சு மொழிச் செய்தித்தாள்களில் பணிபுரிந்த இதழாளர்களை நேர்கண்டு அவர்கள் எழுதிய கட்டுரை 2013இல் வெளிவந்தது. பெயர், எண் போன்ற, எளிதில் சரிபார்க்கத்தக்க சிறு செய்திகள் மிகுந்த கவனத்துடன் சரிபார்க்கப்படுகின்றன. அவற்றினும் கனமான வேறு பல கூற்றுகளோ ஒருவர் சொல்லை நம்பியே அச்சேறுகின்றன என்பது அவ்வாய்வு காட்டிய உண்மை.

நடுநிலை என்பது இதழாளர் தம்மைக் குறைகூறலிலிருந்து காத்துக்கொள்ளும் சடங்காகவும் இயங்குகிறது என்று சமூகவியல் அறிஞர் கே டக்மன் 1972இல் எழுதினார். அக்கருத்தைத் தழுவி, சரிபார்ப்பும் ஒருவகைச் சடங்காகிறது என்று ஷாபிரோ குழுவினர் சுட்டினர். இதன் காரணத்தை உய்த்துணர்வது அரிதன்று. பெயர் பிழையாக வந்தால் மறுநாட் காலையிலேயே உரியவர் அழைத்துக் கேட்பார். காரணம் பிழையாக வந்தால் கேட்பதற்குப் பெரும்பாலும் ஆள் இல்லை.

‘ஆல்’ உருபு இல்லாத செயப்பாட்டுவினை

இக்கண்டுபிடிப்பு கனடாவிற்குரியது, அதனைத் தமிழ் இதழ்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் அது எழுப்பும் வினாவைத் தமிழ்ச் செய்தித்தொடரிடமும் கேட்கலாம். சாலை விபத்துச் செய்தி ஒன்றைக் கருதுக. ஓட்டுநரின் பெயர், வயது, ஊர், வண்டி எண், நேரம் ஆகிய யாவும் நேர்க்கூற்றாக, ஐயத்திற்கு இடமின்றி அமைகின்றன. இறுதியில், ‘ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்திற்குக் காரணம் என்று கூறப்படுகிறது’ என்னும் தொடர் வருகிறது. செய்தியில் ஒருவர்மேல் பழி சுமத்தும் தொடர் இது ஒன்றே. மூலம் குறிப்பிடப்படாத தொடரும் இது ஒன்றே.

செயப்பாட்டுவினைத் தொடரில் செய்பவர் ‘ஆல்’ உருபு ஏற்று வருதல் இலக்கணம். ‘காவலரால் கூறப்படுகிறது’ எனின் மூலம் தெரிகிறது. ‘ஆல்’ உருபேற்ற பெயர் தொக்குவிட்டால், கூறியவர் காவலரா, மோதிய மற்றொரு வண்டியின் உரிமையாளரா, வேடிக்கை பார்த்தவரா என்பது தெரியாமற் போகிறது. இம்மூவர் சொல்லும் ஒரே எடையுடையன அல்ல. ‘எனத் தெரிகிறது’, ‘எனச் சொல்லப்படுகிறது’, ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ ஆகியனவும் இவ்வினத்தனவே.

பிறர் கூற்றைக் குறிக்கும் வழக்கு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் ‘என்ப’, ‘மொழிப’ என்று பல நூற்பாக்களை முடிக்கிறார். அங்கும் எழுவாய் தோன்றாநிலையில் உள்ளது. எனினும் அவை பலர்பால் வினைமுற்றுகள். புலவர் என்னும் எழுவாயைக் கற்போர் வருவித்துக்கொள்ள இயல்கிறது. பேச்சுவழக்கின் ‘போனானாம்’ என்பதிலும் கேள்விச்செய்தி என்னும் அறிவிப்பு உண்டு. யார் சொன்னது என்று கேட்போர் அங்கேயே வினவலாம். அச்சிட்ட ‘கூறப்படுகிறது’ இவ்விரண்டு வாய்ப்பையும் அடைத்துவிடுகிறது.

நல்ல இதழியலை அளக்க ஷாபிரோ 2010இல் ஒரு மதிப்பீட்டுச் சட்டகத்தை வகுத்தார். அதன் அளவைகளுள் ஒன்று, செய்தி பிறர் மதிப்பிடுவதற்கு இடந்தருவதாக இருத்தல் வேண்டும் என்பது. மூலம் மறைந்த தொடர் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மதிப்பிடுவதற்கு இடந்தருவதில்லை.

மறுப்பும் விடையும்

இதற்கு இதழாளர் தரப்பில் இரு மறுப்புகள் எழக்கூடும். காலநெருக்கடியில் உறுதிசெய்ய இயலாத ஒன்றை ‘கூறப்படுகிறது’ என்று எழுதுவதே நேர்மை என்பது முதலாவது. செய்தி தந்தவரைக் காப்பது இதழாளரின் கடமை என்பது இரண்டாவது. இரண்டும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. எனினும், உறுதியாகவில்லை என்பதை ‘இதனை உறுதிசெய்ய இயலவில்லை’ என்று வெளிப்படையாக எழுதலாம். பெயரை மறைக்க நேர்ந்தாலும் வகையை மறைக்க வேண்டுவதில்லை. ‘பெயர் வெளியிட விரும்பாத வருவாய்த்துறை அலுவலர்’ என்னும் தொடர் செய்தி தந்தவரையும் காக்கிறது, வாசகரையும் மதிக்கிறது.

மூலம் வினவப்படாமையின் விளைவு சிறிதன்று. 2023 மார்ச்சு மாதத் தொடக்கத்தில், பீகார் மாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகவும் கொல்லப்படுவதாகவும் செய்தி பரவியது. தொடர்பற்ற நிகழ்வுகளின் காணொளிகள் சான்றாகக் காட்டப்பட்டன. அச்சு ஊடகத்திலும் அச்செய்தி இடம்பெற்றது. தமிழ்நாட்டுக் காவல்துறை அதனை மறுத்து வழக்குகள் பதிவுசெய்தது. பீகார் அரசு அலுவலர் குழுவொன்றை அனுப்பி விசாரித்தது. இடைப்பட்ட நாட்களில் திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் உழைத்துக்கொண்டிருந்தோரிடமும் ஊரிலிருந்த அவர்தம் குடும்பத்தாரிடமும் அச்சம் பரவிவிட்டது. யார் கண்டது, எங்கே, எப்போது என்னும் மூன்று வினாக்கள் அச்சிடுவதற்கு முன் கேட்கப்பட்டிருப்பின் அச்செய்தி நின்றிருக்காது.

ஆய்வேட்டின் பொறுப்பு

இக்குறையை இதழ்கள்மீது மட்டும் சுமத்துதல் முறையன்று. செய்தித்தாளை முதன்மைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வேடுகளிலும் இது தொடர்கிறது. நாளிதழில் ‘காரணம் என்று கூறப்படுகிறது’ என இருந்தது ஆய்வேட்டில் ‘காரணமாகும்’ என மாறிவிடலாம். நாளும் பக்க எண்ணும் அடிக்குறிப்பில் பிழையின்றி அமைந்திருக்கும். எண்ணைச் சரிபார்த்துக் கூற்றை விட்டுவிடும் அதே சடங்கு இங்கும் நிகழ்கிறது. பின்வரும் ஆய்வாளர் அந்த ஆய்வேட்டை மேற்கோள் காட்டும்போது கேள்விச்செய்தி வரலாறாகிவிடுகிறது.

தமிழ்த்துறைக்கு இதற்குரிய மருந்து அயலிலிருந்து வர வேண்டியதில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் ஒரே சுவடியை நம்பி நின்றுவிடவில்லை, பல சுவடிகளை ஒப்புநோக்கினர், பாடவேறுபாடுகளைப் பேணினர். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்பது ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. இம்மரபில் பயின்றோர் ஒரே நிகழ்வைப் பற்றிய மூன்று நாளிதழ்ச் செய்திகளை மூன்று சுவடிகளாகக் கொண்டு ஒப்பிடலாம். ஒவ்வொரு கூற்றுக்கும் மூலம் பெயருடன் உள்ளதா, வகையளவில் உள்ளதா, மறைந்துள்ளதா என்று குறிக்கலாம். மூலம் மறைந்த கூற்றுகள் எவற்றைப் பற்றியவை, யாருக்கு ஊறு செய்வன என்று தொகுத்தால், நடையாய்வே இதழியல் அறத்தின் ஆய்வாக விரியும்.

முடிவுரை

செய்தித் தமிழில் ஒற்று மிகுந்ததா, குறைந்ததா என்று காணும் கண், கூறியவர் இருக்கிறாரா, இல்லையா என்பதையும் காண வேண்டும். முன்னது மொழியின் தூய்மை பற்றியது. பின்னது ஒரு மனிதரின் நற்பெயர் பற்றியது. இதழியலை எடுத்துக்கொள்ளும் அடுத்த ஆய்வேடு தன் தரவுப்பட்டியலில் ‘மூலம்’ என்று ஒரு நிரலைச் சேர்த்துக்கொள்ளுமாயின், அதுவே நல்ல தொடக்கமாக அமையும்.