கேஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை உட்காருங்க

போன வாரம் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுக்கிட்டு இருந்தேன். பெங்களூர்ல வேலை பார்க்கிற சொந்தக்காரப் பையன் போன் பண்ணினான். "மாமா, நல்ல வக்கீல் யாராவது இருந்தா சொல்லுங்க. அண்ணன் மேல கேஸ் போடப் போறேன்"னான். ரெண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, எழுபத்தெட்டு வயசு அம்மா. மூணும் அண்ணன்கிட்ட இருக்கு. அம்மாவை அண்ணன் சரியாப் பார்க்கலைன்னு இவனுக்குக் கோபம். தம்பி பணம் அனுப்பிட்டுக் கடமை முடிஞ்சதுன்னு இருக்கான்னு அண்ணனுக்குக் கோபம்.

"வக்கீல் நம்பர் தரேன் மாப்ள. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கதையைக் கேளு"ன்னேன். அவன்கிட்ட சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்றேன். உங்கள்ல பல பேருக்கு ஊர்ல ஒரு அண்ணனோ தம்பியோ இருப்பாங்க.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கும் சென்னையில இருக்கிற என் தம்பிக்கும் இதே சண்டை. அப்பா உயில் எழுதாமப் போயிட்டார். தம்பி தன் பங்கைப் பிரிச்சு விக்கணும்னான். இடுப்பெலும்பு முறிஞ்ச அம்மாவை வச்சுப் பார்க்கிறது நான், அதனால விக்க விடமாட்டேன்னேன். நோட்டீஸ் வந்தது, பின்னாடியே பாகப்பிரிவினை வழக்கும் வந்தது. ரெண்டு வருஷம் பேச்சு இல்ல. என் பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு வந்தவன் மொய் எழுதிட்டுச் சாப்பிடாமப் போனான்.

ஜட்ஜ் எங்களைக் கோர்ட் வளாகத்துலயே இருக்கிற சமரச மையத்துக்கு அனுப்பினார். 2005ல சென்னை உயர் நீதிமன்றத்துல ஆரம்பிச்ச ஏற்பாடு அது. ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி நாலு பேர் உட்கார்ந்து நாட்டாமை பண்ணுவாங்கன்னு நினைச்சுத்தான் போனேன். அங்க ஒரு மேஜை, பயிற்சி எடுத்த ஒரு வக்கீலம்மா. "நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். நீங்க இங்க பேசறது ஜட்ஜ் காதுக்குப் போகாது. ஒத்துவரலைன்னா கேஸை விட்ட இடத்துல இருந்து நடத்திக்கலாம்"னு முதல்லயே சொல்லிட்டாங்க. கட்டணம் எதுவும் கிடையாது.

எங்களைச் சேர்த்தும் கேட்டாங்க, தனித்தனியாவும் கேட்டாங்க. எல்லாம் கேட்டுட்டு, "அம்மா எங்க? அவங்களைக் குளிப்பாட்டுறது யாரு?"ன்னாங்க. ரெண்டு பேரும் முழிச்சோம். வழக்குக் கட்டுல அம்மாவும் ஒரு பிரதிவாதி. சட்டப்படி அவங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நாங்க அவங்ககிட்ட கைநாட்டு வாங்கினதோட சரி. குளிப்பாட்டுறது என் சம்சாரம்.

அடுத்த தடவை ரெண்டு பேரையும் கார் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனோம். அம்மா சொன்னாங்க: "மாசம் ஒரு வீடுன்னு பையைத் தூக்கிட்டு என்னால அலைய முடியாது. இந்த வீட்டுலயே இருந்துக்கறேன். சின்னவன் சாயங்காலம் போன்ல பேசினாப் போதும்." என் சம்சாரம் சொன்னது எனக்கே புதுசு. "எங்கம்மா வீட்டுல ஒரு ராத்திரி தங்கி மூணு வருஷமாச்சு. எனக்குப் பணம் வேண்டாம், பத்து நாள் லீவு வேணும்." நிலத்துக்காக ரெண்டு வருஷம் மல்லுக்கட்டின நாங்க இதை ஒரு நாள்கூட பேசலை.

மூணாவது தடவை முடிஞ்சது. தம்பி நிலத்தை விக்கல, எழுதின குத்தகைக்கு நான் பயிர் பண்றேன். அம்மாவுக்கு உதவியா ஒரு பொம்பளையாள், சம்பளம் தம்பி பொறுப்பு. பொங்கலுக்கும் மே மாசமும் அவன் குடும்பத்தோட வந்து பத்துப் பத்து நாள் அம்மாவைப் பார்த்துக்கணும். கையெழுத்துப் போட்டதைக் கோர்ட் தீர்ப்பாணையா ஆக்கிடுச்சு. கட்டின கோர்ட் ஃபீஸும் தம்பிக்குத் திரும்பி வந்தது. அதுல அம்மாவுக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டான்.

எல்லாம் தேனா இனிச்சதுன்னு சொல்லமாட்டேன். ஒரு மே மாசம் அவன் வரலை, போன்ல சத்தம் போட்டுக்கிட்டோம். ஆனா சத்தம் போடுற அளவுக்குப் பேச்சு இருந்தது.

பெத்தவங்களைக் கைவிட்டா 2007ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கு. ஆர்.டி.ஓ.கிட்ட மனுக் கொடுக்கலாம், மாசம் 10,000 ரூபா வரைக்கும் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம். பார்த்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் கொடுத்த சொத்தை ரத்து பண்ணவும் வழி இருக்கு. கட்டாயம் வேண்டிய சட்டம். ஆனா பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசுன்னு எந்த ஆபீசரும் உத்தரவு போட முடியாது. அந்தச் சட்டத்துலயே, விசாரிக்கிறதுக்கு முன்னாடி சமரச அலுவலர்கிட்ட அனுப்பிப் பேசிப் பார்க்க இடம் வச்சிருக்காங்க.

வரப்புச் சண்டையும் இப்படித்தான். சர்வேயர் வந்து அளந்தா கல்லு எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும். ஆனா மறுநாள் ராத்திரி தண்ணி பாய்ச்ச நீங்க பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பு மேலதான் நடந்தாகணும். பாம்பு கடிச்சா முதல்ல ஓடி வரப்போறதும் அவர்தான்.

சமரசம்னா பெரிய மனுஷங்க திண்ணையில உட்கார்ந்து அபராதம் போடுறதில்ல. அதுல பொம்பளைங்களுக்குப் பேச்சு கிடையாது, சாதியில கீழன்னு சொல்லப்பட்டவங்க எட்டி நின்னாங்க. அந்தக் கட்டப்பஞ்சாயத்து திரும்பி வரவே வேண்டாம். அடி உதை இருக்கிற வீட்டுல சமரசம் பேசாதீங்க, போலீசுக்குப் போங்க. ஒருத்தர் இன்னொருத்தருக்குப் பயந்து போடுற கையெழுத்து சமரசம் ஆகாது. பேசி முடிச்சதை எழுதாம விடவும் கூடாது. கேஸ் போடாமலே பேசணும்னா தாலுகா கோர்ட்ல இருக்கிற சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்க, இல்லேன்னா 15100க்குப் போன் பண்ணுங்க.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அண்ணன் என்ன பண்றான்னு கணக்குப் பார்க்கிறதுக்கு முன்னாடி, அண்ணியை ஒரு தடவை கேளுங்க. ஊர்ல இருக்கிற நாங்களும், பார்த்துக்கிறதையே ஆயுதமாத் தூக்கிக் காட்டுறதை விடணும். நான் தூக்கினேன், அதான் சொல்றேன்.

போன ஆடியில அம்மா போயிட்டாங்க. தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைக்கிறது எங்க வழக்கம். தம்பிதான் வச்சான்.

பெங்களூர்ப் பையன் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "வக்கீல் நம்பர் இருக்கட்டும் மாமா, ஞாயித்துக்கிழமை ஊருக்கு வரேன்"னான். அவங்கண்ணன்கிட்ட இன்னும் சொல்லலை. அண்ணிகிட்ட சொல்லிட்டேன்.