மீனே சான்று

தெளிந்த நீரைக் கண்டவுடன் அது தூய நீரே எனத் துணிந்துவிடுதல் மாந்தர் இயல்பு. குப்பியில் நீரை முகந்து சோதித்து, நஞ்சின் அளவு சொற்பமே எனக் கூறும் இரசாயன நிபுணரும் உளர். அவர் கூற்று பொய்யன்று; ஆயினும் அதனை மட்டும் நம்பி வலை வீசலாகாது என்பதே எமது துணிபு.

மீன் ஓயாது நீரைத் தன் செவுள்களினூடே செலுத்தி உயிர்க்கின்றது. சுண்ணச் சத்தை ஈர்க்கும் பொருட்டுச் செவுளில் அமைந்த நுண்ணிய வாயில்கள் வழியே காட்மியமும் ஈயமும் உட்புகுகின்றன; உருவொத்த கள்வனை வாயில் காப்போன் அறியாது விடுவது போலும். மிதைல் பாதரசமோ பெரும்பாலும் இரையின் வழியே வருவது. நீரிலுள்ள நுண்ணுயிர்களில் ஏறி, அவற்றை உண்ணும் சிறு பிராணிகளிலும், பின்னர்ச் சிறு மீன்களிலும், முடிவில் பெருமீன்களிலும் படிப்படியாய்ச் செறிந்து, நீரில் இருந்த அளவினும் பத்து லட்சம் மடங்குக்கு மேலாகவும் பெருகும். தசையிலுள்ள புரதத்தின் கந்தகத்தோடு அது பிணைந்து நிற்பதால், கொழுப்பைக் களையினும், உப்பிட்டுக் கழுவினும், கொதிக்க வைப்பினும் அகலாது. சமையற்கட்டின் சாமர்த்தியம் இங்குச் செல்லாது.

இவ்வுண்மையை உலகம் கற்ற இடம் ஜப்பான் தேசத்து மினமாட்டா விரிகுடா. ஆங்குச் சிஸ்ஸோ கம்பெனியார் 1932 முதல் அசிட்டால்டிஹைடு செய்தற்குப் பாதரசத்தைக் கிரியா ஊக்கியாகக் கொண்டு, கழிவைக் கடலில் விடுத்தனர். மீனுண்ட பூனைகள் வெறி கொண்டாற்போல் ஆடி மாண்டன. 1956 மே 1-ந் தேதி, மனிதரைப் பற்றிய நோய் அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு மாகாணத்தார் மீன் விற்பனையைத் தடுக்கச் சட்டம் இடந்தருமோ என வினவினர். விரிகுடாவின் மீன் அனைத்தும் நஞ்சுற்றன என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, ஆதலின் சட்டம் செல்லாது என்று மத்திய சர்க்கார் விடையிறுத்தது. அனைத்தும்! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும் அறிவு நம் வீட்டுப் பாட்டியர்க்கும் உண்டே. 1959 டிசம்பரில் கம்பெனியார் சுத்திகரிப்பு யந்திரம் ஒன்றை நிறுவினர். மிதைல் பாதரசத்தை நீக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அசிட்டால்டிஹைடு உற்பத்தி நின்றது 1968-ல். இடைப்பட்ட காலத்தே, தாயர் உண்ட மீனின் நஞ்சு கருவிலிருந்த குழவிகளையும் எய்தியது.

ஆதலின் ஆலைக் கழிவு கலக்கும் நீர்நிலை எதுவாயினும், நீரோடு அங்கு வாழும் மீனையும், சிறப்பாக முதிர்ந்த பெருமீனையும், ஆண்டுதோறும் சோதித்து முடிவை ஊரறிய வெளியிடல் வேண்டும். ஐயம் தோன்றிய அன்றே பிடிப்பு நிறுத்தப்படுக. அந்நாட்களின் கூலியை, நஞ்சைக் கலவாத வலைஞர் அல்லர், கலந்த ஆலையாரே இறுத்தல் முறை.