சான்றிதழ் மட்டும் போதாது

தை பிறந்தால் சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரத் தொடங்கும். ஊர் உறங்கும் நேரத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் அவற்றைத் தேடி மணலில் நடக்கிறார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் விடாமல் செய்துவரும் பணி இது. அன்று நடந்த மாணவர்கள் நரைத்துவிட்டார்கள், நடை நிற்கவில்லை. இந்த உழைப்புக்கு அரசும் நகரமும் காட்டியிருக்கும் நன்றி மிகக் குறைவு.

வேலை அவ்வளவு எளிதும் இல்லை. ஆமை ஏறி இறங்கிய தடத்தைக் கண்டதும் குச்சியை மெல்லச் செருகிப் பார்க்கிறார்கள். கெட்டி மணலுக்கு நடுவே சட்டென்று இளகிக்கொடுக்கும் இடம்தான் முட்டைக்குழி. மணலில் குப்புறப் படுத்து, குழிக்குள் கையை விட்டு, டேபிள் டென்னிஸ் பந்து போன்ற நூறு முட்டைகளைப் புரட்டாமல் குலுக்காமல் எடுக்க வேண்டும். பிறகு பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டி வைக்க வேண்டும். குஞ்சு வெளிவர ஏறத்தாழ 45 நாள் ஆகும். விடியும்போது வீடு திரும்புகிறவருக்குச் சில மணி நேரத்தில் வகுப்போ அலுவலகமோ காத்திருக்கும்.

பலன் எதிர்பாராமல் வருகிறவர்களுக்கு எதற்குச் சலுகை என்று சிலர் கேட்கக்கூடும். யாரும் சம்பளம் கேட்கவில்லை. நள்ளிரவில் கடலோரம் நடப்பவருக்கு விபத்துக் காப்பீடு, ரோந்துக் காவலர் மதிக்கும் அடையாள அட்டை, பெண்கள் பத்திரமாக வீடு சேர ஒரு வண்டி: இவற்றைத் தருவது வனத்துறையின் கடமை. வருடக் கடைசியில் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வதால் அந்தக் கடமை தீராது.

குழுக்களுக்கும் பொறுப்பு உண்டு. சனிக்கிழமை இரவுக்கு ஆள் கிடைப்பது எளிது. வாரநாள் முறையைத்தான் முன்கூட்டியே பிரித்துக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அதே நாலு பேர் சுமந்து சுமந்து சோர்ந்துபோவார்கள். புதியவரை அனுபவசாலியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். முக்கியமாக, முட்டையை எடுத்துவந்தவருக்கு அதில் எத்தனை பொரிந்தது என்று தகவல் சொல்ல வேண்டும், முடிந்தால் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைக்கு அவரையே அழைக்க வேண்டும். பல பேர் மறுவருடமும் வருவது அந்த ஒரு செய்திக்காகத்தான்.

ஆனால் அவர்களை உண்மையில் மதிப்பதென்றால் அவர்கள் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. அவற்றை எண்ணிக் குறித்தவர்களில் இந்தத் தன்னார்வலர்களும் உண்டு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தாமாகவே விசாரணையில் இறங்கியது. ஆமைகள் பெரும்பாலும் இழுவை வலைகளில் சிக்கித்தான் இப்படிச் சாகின்றன. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தாமல் விட்டுவிட்டு, கரையில் முட்டை பொறுக்குகிறவர்களைப் பாராட்டுவதில் அர்த்தமில்லை. அடுத்த பருவம் தொடங்கும் முன் மீன்வளத் துறை கடலில் ரோந்தை முறைப்படுத்த வேண்டும்.

கரையோரம் குடியிருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஊர்பவை. மாடி விளக்கைப் பார்த்துச் சாலைக்கு வந்து சாகின்றன. ஜனவரி முதல் மே வரை, கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள்.